மாமியார் பேருக்கு மேலே ஒரு விளக்குமாறு

எங்கள் கோயிலுக்குப் புதுசாக வருகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு பீடத்துப் பக்கம் போவார்கள். பீடத்துக்கு மேலே கிழக்குச் சுவரில் இருக்கிற வர்ணக் கண்ணாடி ஜன்னலைப் படம் எடுக்கத்தான். இப்போது எல்லாரும் சர்ச் என்கிறார்கள், எங்களுக்கு அது எப்போதும் கோயில்தான். படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது யாராவது ஒருத்தர் என்னிடம் வந்து கேட்பார்கள். "ஆச்சி, நடுவுல ஒரு அம்மா விளக்குமாத்தோட குனிஞ்சு நிக்காவளே, அவிய யாரு?"

"காசைத் தொலைச்சவ. விளக்கைப் பொருத்தி வச்சுக்கிட்டு வீட்டைக் கூட்டித் தேடுதா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வேதத்தில் உள்ள கதை அது, சரியான பதில்தான். ஆனால் அந்தக் குனிவு எங்க அம்மா குனிவு. அதை நின்று கேட்க அவர்களுக்கு நேரம் ஏது, ராஜபாளையம் பஸ் போய்விடும். இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கோயிலுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டின ஒற்றை அறையில்தான் நான் வளர்ந்தேன். அய்யா கோயில்பிள்ளை. மணி அடிப்பது, விளக்கு ஏற்றுவது, குருவானவருக்கு அங்கி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. கூட்டுவதும் துடைப்பதும் அம்மா வேலை. எங்க அம்மா கூட்டின தரையில் சோற்றைக் கொட்டித் தின்னலாம். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஐப்பசி மழையில் வேப்பங்கிளை முறிந்து கிழக்கு ஜன்னல் மேல் விழுந்தது. வெறும் வெள்ளைக் கண்ணாடி போட்ட ஜன்னல்தான் அது, நொறுங்கிப்போனது. அய்யா சாக்கைக் கட்டி மறைத்தார். அப்போதுதான் ராஜபாளையத்துக் கிட்டங்கி அம்மா, தன் மாமியார் நினைவாக வர்ணக் கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். கிட்டங்கி என்றால் பஞ்சுப் பொதியை அடுக்கி வைக்கிற பெரிய கட்டடம். எங்க அம்மாவுக்குப் பிறந்த ஊர் ராஜபாளையம். கல்யாணத்துக்கு முந்தி அவள் அந்தக் கிட்டங்கியில் பஞ்சில் கிடக்கிற தூசி துரும்பைப் பொறுக்கின பிள்ளை. அதனால் கிட்டங்கி அம்மாவுக்கு எங்க அம்மா எந்த வயசிலும் 'ஏட்டி'தான்.

அந்த மாமியாரும் மருமகளும் உயிரோடு இருந்த காலத்தில் ஒருத்தர் கை பட்ட தண்ணீரை ஒருத்தர் குடிக்கமாட்டார்கள் என்று ஊரே பேசும். செத்தபின் இம்புட்டுப் பாசமா என்று எங்கள் அய்யாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஊர் பேசியது கிட்டங்கி அம்மாவுக்கும் தெரியாமலா இருக்கும். அந்த ஊர்வாயை அடைக்கத்தான் கண்ணாடி போட வந்தார்களோ என்னவோ.

என்ன படம் போடுவது என்று குருவானவர் தீர்மானித்தார். தொலைந்துபோன ஆட்டைத் தோளில் போட்டு வருகிற மேய்ப்பன் ஒரு பக்கம், ஓடிப்போய்த் திரும்பின மகனைக் கட்டிப்பிடிக்கிற தகப்பன் ஒரு பக்கம், நடுவில் காசைத் தேடுகிற பெண். மூன்றும் தொலைந்து கிடைத்த கதை. "வேதத்துல உள்ளதுதானே, போடுங்க" என்று கிட்டங்கி அம்மா சொல்லிவிட்டார்கள். மாமியார் பேரை மட்டும் நடுப்படத்துக்குக் கீழே எழுத வேண்டும், மரியாதையான இடம் அதுதான் என்றார்கள்.

தூத்துக்குடியிலிருந்து கண்ணாடிக்காரர் ஒருத்தர் வந்தார். ஒல்லியான மனுசர். விரல் நுனியெல்லாம் கீறல் தழும்பு. கோயில் பக்கத்துச் சாய்ப்புக் கொட்டகையில் தங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. முதலில் ஜன்னல் அளவுக்குப் பெரிய தாளைத் தரையில் விரித்துப் படத்தை எழுதினார். பிறகு அந்தத் தாளைத் துண்டு துண்டாக வெட்டினார். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு நாடாத் தாளை எடுத்துப் போட்டுவிடும்படி ஒரு கத்திரி வைத்திருந்தார். அந்த இடைவெளி துண்டுகளைக் கோக்கிற ஈயப் பட்டைக்காம். தாள் அளவுக்குக் கண்ணாடியைக் கீறி, கீழேயிருந்து ஒரு தட்டுத் தட்டினால் கோடு போட்ட மாதிரி பிரிந்து வரும். கை தவறினால் 'கிணிங்' என்று வேறு பக்கம் ஓடிவிடும். அப்போது அவர் சொல்கிற வார்த்தை கோயில் வளாகத்தில் சொல்லக்கூடாதது. அய்யா தொண்டையைச் செருமுவார்.

முகம், விரல், சேலை மடிப்பு இதெல்லாம் பழுப்புப் பொடியைப் பிசினில் குழைத்துக் கண்ணாடி மேல் கோடு கோடாக எழுதுவார். எழுதினதை வைக்கோலில் பொதிந்து தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்ச் சூளையில் சுட்டுக் கொண்டு வருவார். சுடுவதற்கு முந்தி ஈரக்கை பட்டாலே கோடு கரைந்துவிடும். சுட்டபின் ஆணியால் சுரண்டினாலும் போகாது, கண்ணாடியோடு கண்ணாடியாகிவிடும்.

ராத்திரிச் சோறு தின்னும்போது அய்யாவிடம் பேசிக்கொண்டிருப்பார்.

"சுவத்துல எழுதின படம் இருக்கே, அது மேல விழுந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிரும். இது அப்படி இல்ல. வெளிச்சம் இது வழியா நடந்து உள்ள வரணும். அதனாலதான் பொழுது விடிஞ்சா முழிக்கும், பொழுது அடைஞ்சா தூங்கிரும்."

"அப்ப எங்களை மாதிரிதான்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் அய்யா.

"முந்திக் காலத்துல எழுத்துத் தெரியாத சனங்களுக்கு இதுதான் வேதம். பாத்தே தெரிஞ்சுக்குவாவ."

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அப்ப இம்புட்டு வேலையும் எனக்காகத்தான் பாக்கீயளா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஆமா தங்கச்சி" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். காலையில் அம்மா கூட்டும்போது அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தாளில் கிறுக்கிக்கொண்டிருப்பார். நான் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, உன் முதுகை வரைஞ்சு வச்சிருக்காரு."

"முதுகையா? ஏன், என் மூஞ்சிக்கு என்ன கொள்ளை?"

முகம் என்னவோ அவர் கொண்டு வந்த படப் பொஸ்தகத்தில் இருந்த வெள்ளைக்காரி முகம்தான். ஆனால் இடது கையைப் பின்னால் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வலது கையில் ஈர்க்குமாற்றை அடியோடு பிடித்துக்கொண்டு, குனிந்து நிற்கிற நிலை எங்க அம்மாவேதான். ஈர்க்குமாறு, நம் வீட்டில் இருக்கிற அதே தென்னை ஈர்க்குமாறு. மஞ்சள் கண்ணாடியில் பழுப்புக் கோடாக ஒவ்வொரு ஈர்க்கும் தனித்தனியாகத் தெரியும். அம்மா அதைப் பார்த்த அன்று சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். அன்றைக்குக் கண்ணாடிக்காரருக்கு ஒரு முட்டை கூடுதலாக விழுந்தது.

குருத்தோலை ஞாயிற்றுக்குப் பிரதிஷ்டை என்று வைத்திருந்தார்கள். நாலைந்து நாள் முந்தி எல்லாம் ஈயத்தில் கோத்து, பற்றவைத்து, மரத்தூள் போட்டுத் தேய்த்து ஜன்னலில் ஏற்றியாகிவிட்டது. கிட்டங்கி அம்மா பார்க்க வந்தார்கள். காரைவிட்டு இறங்கி வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன இது, தார் பூசின மாதிரி கறுப்பா இருக்கு?" என்றார்கள். உள்ளே வந்து பாருங்கள் என்று குருவானவர் அழைத்துக்கொண்டு போனார்.

காலை வெயில் நேர் எதிரே வந்துகொண்டிருந்தது. மேய்ப்பனுடைய சிவப்பு அங்கி தீயாய் எரிந்தது. சிவப்புக் கண்ணாடியில் தங்கம் கலந்திருக்கிறது என்று கண்ணாடிக்காரர் சொல்லியிருந்ததை நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கிட்டங்கி அம்மா அதைப் பார்க்கவில்லை. நடுப்படத்தைப் பார்த்தார்கள். பிறகு அதற்குக் கீழே மாமியார் பேரைப் பார்த்தார்கள். பிறகு பேருக்கு நேர் மேலே, பேரைத் தொடுகிற மாதிரி விரிந்து கிடந்த விளக்குமாற்றைப் பார்த்தார்கள்.

"ஐயா" என்றார்கள் குருவானவரிடம். "என் மாமியா பேருக்கு மேல விளக்குமாறா?"

"வேதத்துல அவ வீட்டைக் கூட்டுதாம்மா..."

"வேதத்துல ஆயிரம் இருக்கும். ராஜபாளையத்துல என்ன சொல்லுவாவ? உசுரோட இருக்கையில முடியல, செத்த பொறவு மாமியாளுக்கு விளக்குமாத்தைத் தூக்கிட்டான்னு சொல்லமாட்டாவளா? தளவாய்புரத்துல இருந்து என் நாத்தனா வாரா, பாத்தாளோ இந்த இடத்துலயே ஒப்பாரி வச்சிருவா!"

சிரிப்பு வந்தது சிலபேருக்கு. ஆனால் கிட்டங்கி அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன். பிறகு அவர்கள் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், மறுபடி அம்மாவைப் பார்த்தார்கள். "கூட்டுறவளைப் பாத்தே எழுதியிருக்கீரு. நல்லா இருக்குவே" என்றார்கள் கண்ணாடிக்காரரிடம். அம்மா அங்கேதான் நின்றாள், கையில் விளக்குமாற்றோடு. அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

குருவானவர்தான் வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை குருத்தோலைப் பண்டிகைதானே, விளக்குமாற்றைக் குருத்தோலையாக மாற்றிவிட்டால் என்ன. கழற்றி, வேறு கண்ணாடி வெட்டி, சுட்டுக் கொண்டுவர நாள் கிடையாது என்றார் கண்ணாடிக்காரர். பிறகு பச்சைச் சாயத்தைப் பிசினில் குழைத்து ஏணியில் ஏறினார். ஈர்க்குகளுக்கு மேலே பச்சை தடவி, ஓரமெல்லாம் ஓலை விரிந்த மாதிரி எழுதிவிட்டார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் அந்தப் பெண் இப்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குருத்தோலையால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"இந்த ஓலை சூளை காணாதது, தங்கச்சி. ஈரத்துணி படாமப் பாத்துக்க. பட்டா பச்சை போயிரும், உள்ள இருக்கது வெளிய வந்துரும்."

"உள்ள இருக்கது அப்படியேதான் இருக்கா, அண்ணாச்சி?"

"அது எங்க போவும். சுட்டதுல்லா."

பிரதிஷ்டை நல்லபடியாக நடந்தது. நாத்தனாருக்கு ஒப்பாரி வைக்க வேலை இல்லாமல் போனது. ராத்திரி அய்யா சமாதானமாகச் சொன்னார். "ஓலையும் பாக்க லெச்சணமாத்தான் இருக்கு."

"ஓலையால கூட்டினா குப்பை போவுமா?" என்று கேட்டாள் அம்மா.

அதன்பின் காலையில் நிறங்கள் தரையில் விழ ஆரம்பித்தன. சிவப்பு, நீலம், ஊதா என்று பீடத்துக்கு முன்னால் சிந்திக் கிடக்கும். அம்மா அதன் மேலேயே கூட்டிக்கொண்டு போவாள். நிறம் கலைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். "சுத்திக் கூட்டும்மா" என்பேன். "வெளிச்சத்தைக் கூட்ட ஏலுமாட்டி, போடீ அங்கிட்டு" என்பாள்.

சனிக்கிழமை தோறும் ஏணி போட்டு ஜன்னலைத் துடைப்பாள். ராஜபாளையத்துப் பக்கம் தறியில் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்வார்கள் அல்லவா, அதில் கழித்துப்போட்ட துணி, பூப்போல இருக்கும், அதை வைத்துக் காய்ந்தபடியே துடைப்பாள். ஏணியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. எல்லாம் துடைத்து முடித்தபின், அந்த ஓலை இருக்கிற இடத்துக்கு வந்ததும் அம்மா கொஞ்சம் நிற்பாள். அதன் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், வாயை ஒட்டினாற்போல வைத்து, ஏதோ சொல்வாள். பிறகு கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. பிறகு இறங்கிவிடுவாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று எனக்கு விளங்கியது. மேய்ப்பனிடம் பண்ணாமல், தகப்பனிடம் பண்ணாமல், ஓலையிடம் எதற்கு என்றுதான் விளங்கவில்லை. ஆனால் அம்மா ஜெபம் பண்ணுகிறபோது ஏணி ஆடக்கூடாது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மழைக்காலம் வரும்போது ஓலையின் நுனி லேசாக வெளுத்திருந்தது. கிறிஸ்துமசுக்குள் பாதி ஓலை காய்ந்துவிட்டது. நான்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னேன் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நம்பவில்லை. "ஏட்டி, கண்ணாடி ஓலை காயுமா?" என்றார்கள். கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். வாய் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு ஓலையாகக் கீற்றிலிருந்து உரிந்து போய், நடுவில் ஈர்க்கு மட்டும் மிச்சம் நின்றது. வீட்டில் அம்மா தென்னோலையை மடியில் போட்டுக் கத்தியால் சீவி ஈர்க்கு எடுப்பாளே, அதே மாதிரி.

பெரியவர்கள் அதைவிட மோசம். "குருத்தோலைன்னா காயத்தானே செய்யும், நம்ம வீட்டுல சொருகி வச்சதும் காய்ஞ்சுதான் கிடக்கு" என்று சேத்தூரிலிருந்து வருகிற ஒரு தாத்தா நியாயம் சொன்னார். குருவானவர் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் அதை வைத்தே பிரசங்கம் பண்ணினார். நம்முடைய விசுவாசமும் இப்படித்தான் காய்ந்துகொண்டு வருகிறது என்றார். பெண்கள் பக்கம் நாலு பேர் அழுதார்கள். எங்க அம்மா குனிந்த தலை நிமிரவில்லை.

ராஜபாளையத்தில் வேறு மாதிரிப் பேசினார்கள். உசிரோடு இருக்கையில் மாமியாருக்குப் பச்சைத்தண்ணி கொடுக்காதவள் போட்ட ஓலையை, செத்த மாமியார் காயவைக்கிறாள் என்று. அது கிட்டங்கி அம்மா காதுக்குப் போய்விட்டது.

மறு வருசம் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் கிட்டங்கி அம்மா வந்தார்கள். ஆள் விட்டுக் கண்ணாடிக்காரரையும் வரவழைத்திருந்தார்கள். ஒரு வருசத்தில் முகம் வாடிப்போயிருந்தது. குருவானவரும் வந்து நின்றார். கிட்டங்கி அம்மா நேரே எங்கள் அய்யாவிடம்தான் வந்தார்கள்.

"தானா காயுறதுக்கு அது என்ன தென்னந்தோப்பா? நீரா, உம்ம பொண்டாட்டியா, யாரு ஈரத்தை வச்சது? நெசத்தைச் சொல்லலைன்னா நாளைக்கே பெட்டி படுக்கையோட வெளிய போகணும். ஐயா, சரிதானே?"

குருவானவர் ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

அய்யா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "வேதத்து மேல கை வச்சுச் சொல்லுதேம்மா, ஈரத்துணி பட்டதே கிடையாது" என்றார். அது உண்மை.

"ஏட்டி, நீ தண்ணி தொட்டியா?"

"தண்ணி தொடலம்மா" என்றாள் அம்மா. அதுவும் உண்மை.

எங்கள் அறையும், மணிக்கயிறும், வேப்பமரமும் எல்லாம் போய்விடும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அம்மாவை இப்படிக் கேட்கிறார்களே என்று கோபமும் வந்தது. நான் முன்னால் போய் நின்றேன்.

"எங்க அம்மா ஒண்ணும் பண்ணல. சனிக்கிழமை தவறாம ஏணியில ஏறி, அந்த ஓலைகிட்ட வாயை வச்சு ஜெபம்தான் பண்ணும். நான்தான் ஏணியைப் பிடிப்பேன். கேளுங்க!"

கண்ணாடிக்காரர் மட்டும் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இருமல் வந்த மாதிரி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"ஜெபமா?" என்றார் குருவானவர், மெதுவாக. பிரசங்கம் பண்ணின மனுசர் அல்லவா, அவருக்கு உடனே நெஞ்சு உருகிவிட்டது.

கிட்டங்கி அம்மா குரலும் இறங்கிவிட்டது. "என்னன்னுட்டி ஜெபம் பண்ணின?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அது சிவந்து கிடந்தது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். பிறகு தலையைத் தூக்கிச் சொன்னாள்.

"உங்க மாமியாளை நெனச்சுக்கிடுவேம்மா. நான் கிட்டங்கியில வேலை பாத்த காலத்துல, எல்லாரும் போன பொறவு அவியளே விளக்குமாத்தை எடுத்து முச்சூடும் கூட்டுவாவ. ஒரு துளி பஞ்சு கீழ கிடக்க விடமாட்டாவ. அவிய கையில விளக்குமாறு இல்லாம நான் பாத்ததே இல்லம்மா. ஓலையோட அவிய எங்க நின்னாவ?"

கிட்டங்கி அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழப்போகிறார்கள் என்று நினைத்தேன். சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"அவ கூட்டினதை மட்டுந்தான் நீ பாத்தே. என் முதுகுல அந்த விளக்குமாத்தால வச்சதை நீ பாக்கல. புதுப்பொண்ணா வந்த மறு மாசமே வச்சா. பஞ்சை மிதிச்சிட்டேனாம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஊரெல்லாம் நான் தூக்கினேன்னு பேசும்னு பயந்தேன் பாரு. அது எப்பவும் அவ கையிலதான்டி இருந்துச்சு."

"அப்ப என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். "திரும்ப ஓலையே எழுதணுமா?"

"வேண்டாம்யா. அவ விளக்குமாத்தை அவகிட்டயே குடுத்திரும். நாத்தனா கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

கண்ணாடிக்காரர் ஒரு வாளித் தண்ணீரில் துணியை நனைத்துக்கொண்டு ஏறினார். மிச்சம் இருந்த பச்சை ஒரு துடைப்பில் வழிந்து போனது. சூளை கண்ட ஈர்க்குமாறு, ஈர்க்கு ஈர்க்காக, மஞ்சளாக நின்றது. வெயில் அதன் வழியாக வந்து பீடத்துப் படியில் விழுந்தது. குருவானவர் ஒரு சிறு ஜெபம் சொன்னார். அய்யா சொன்ன ஆமென்தான் எல்லாரையும்விடச் சத்தமாக இருந்தது.

எல்லாரும் வெளியே போனபின் கண்ணாடிக்காரர் ஏணியை மடக்கிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "மூச்சும் ஈரம்தான், தங்கச்சி. அதைச் சொல்லாமப் போனது என் தப்பு."

"நீங்க துணியைத்தான் சொன்னீய" என்றாள் அம்மா. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. மூச்சு ஈரமாக இருந்தால் சளி பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அம்மாவுக்குச் சளி இல்லையே என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல ஏணி போட்டோம். அம்மா மேய்ப்பனைத் துடைத்தாள், தகப்பனைத் துடைத்தாள். விளக்குமாற்றுக்கு வந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏணியை அழுத்திப் பிடித்தேன். அவள் காய்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிவிட்டாள்.

"ஜெபம் பண்ணலையாம்மா?"

"அது முடிஞ்சிருச்சுட்டி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு போய்விட்டாள்.

எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. கேட்டது கிடைத்ததும் ஆண்டவரை மறந்துவிட்டாளே, இப்படியும் உண்டா என்று. கோயிலுக்குள் இருந்துகொண்டு நாமே இப்படிச் செய்தால் மற்றவர்களை என்ன சொல்வது. அவள் வருவதற்குள் நானே ஏணியில் ஏறினேன். கடைசிப் படியில் நுனிக்காலில் நின்றுதான் எட்டியது. அந்த விளக்குமாற்றின் கிட்டே வாயை ஒட்டி வைத்து, "எங்க அம்மா மறந்துட்டா, நீர் மனசுல வச்சுக்கிடாதேயும்" என்று அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்து விட்டுவிட்டு, குடும்பத்து மானத்தைக் காப்பாற்றிவிட்ட நினைப்போடு இறங்கி வந்தேன்.